ஐந்தே முக்கால்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், டிம்பாங்கில் வேலை பார்க்கிறேன். எடைப் பாலம் என்பது எழுத்தில்தான். லோரிக்காரர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. குலை ஏற்றிய லோரி பாலத்தில் ஏறி நிற்கும். நான் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எடையைப் பதிவேன். கொட்டிவிட்டு வெளியே போகும்போது காலி லோரியை மறுபடி நிறுப்பேன். கழித்தால் வருவது பழத்தின் எடை. பதினெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

ஒருநாள் மதியம் நல்ல மழை. லோரி வரத்து நின்றுவிட்டது. கூட வேலை செய்யும் தம்பி விளையாட்டாக, "அக்கா, நீங்க ஏறி நில்லுங்க, என்ன காட்டுதுன்னு பார்ப்போம்" என்றான். எங்கள் பாலம் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். மனிதரை நிறுக்கச் செய்ததில்லை. ஏறினேன். 80 என்று வந்தது. அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டுத் தராசில் 81.4. என் உயரம் 158 சென்டிமீட்டர், வயது 44. அடுத்த வாரம் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டு ரத்தம் கொடுத்தேன். மூன்று மாதச் சர்க்கரை (HbA1c) 6.1 என்று வந்தது. இங்கே 6.3 தொட்டால் இனிப்புநீர் (நீரிழிவு) என்று எழுதிவிடுவார்கள். 5.7இலிருந்து எல்லைக்கோடு. "இப்போதைக்கு மருந்து வேணாம். எடையில 7 விழுக்காடு குறைங்க, வாரம் 150 நிமிஷம் நடங்க" என்றார் தாதி. 81.4இல் 7 விழுக்காடு என்றால் ஏறக்குறைய ஐந்தே முக்கால் கிலோ. அவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. இருபது கிலோ குறைத்தால்தான் ஆளாக மதிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

அந்த 7 விழுக்காடு அவர் வாய்க்கு வந்த கணக்கு இல்லை. 2002இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு இந்த இரண்டையும்தான் இலக்காகக் கொடுத்தார்கள். அவர்களுக்கு இனிப்புநீர் வருவது 58 விழுக்காடு குறைந்தது.

எனக்குப் பயம் வேறு இடத்திலிருந்து வந்தது. என் அப்பா பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் காட்டுக்குள் போய், நெரை நெரையாக நடந்து வெட்டி, பால் எடுத்து, வாளியைச் சுமந்து கொட்டகைக்கு வருவார். மதியம் அவர் சாப்பிட்ட சோற்றின் அளவைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆனாலும் ஒல்லியாக இருந்தார். பிறகு பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள். நாங்கள் தாமான் என்ற வீடமைப்புப் பகுதிக்கு வந்தோம். அப்பா ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலைக்கு, அதாவது காவல் வேலைக்கு, போனார், பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில். சோறு மட்டும் அதே அளவு. ஐந்தாறு வருடத்தில் இனிப்புநீர், அப்புறம் கால்விரல் இரண்டு போயின. நான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது 6.1ஐப் பார்த்த அன்றுதான் உறைத்தது.

உடனே திருந்தினேன் என்று எழுத ஆசைதான். முதலில் மூன்று முறை தோற்றேன். ஜனவரி முதல் தேதி சபதம் பதினோரு நாள் ஓடியது. பிறகு ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குள் புடவை ரவிக்கை நுழைய வேண்டும் என்று இரவுச் சோற்றை அடியோடு விட்டேன். முதல் வாரமே இரண்டரைக் கிலோ இறங்கியது. தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் முந்நூறு கிராம், அதற்கடுத்த வாரம் ஒன்றுமில்லை. கோபத்தில் அன்று ராத்திரியே மீ கோரேங் கட்டிக்கொண்டு வந்து சாப்பிட்டேன். அந்த இரண்டரைக் கிலோவில் பெரும்பாலும் தண்ணீர் என்பது அப்போது தெரியாது. உடம்பு சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை, தன்னைப்போல் மூன்று பங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் போவது அதுதான். கொழுப்பு அந்த வேகத்தில் போகாது.

மூன்றாவது தோல்வி காப்பி. தெரிந்தவர் மூலம் எடைக் குறைப்புக் காப்பி நாலு பெட்டி, 260 வெள்ளி. பசியே எடுக்கவில்லை, தூக்கமும் வரவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்ததும் மிச்சத்தைக் குப்பையில் போட்டேன். இப்படிப்பட்ட காப்பிகளில் சிபுட்ராமின் என்ற மருந்து கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு ஆபத்து என்று 2010இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது. பசியை அடியோடு அடக்கும் எந்தக் காப்பியையும் இப்போது என் வாசலுக்குள் விடுவதில்லை.

இந்த மூன்று முறையும் நான் ஊக்கத்தை நம்பித்தான் இறங்கினேன். கைப்பேசியில் ஊக்கப் பேச்சுகளாகக் கேட்டேன். கேட்கும்போது ரத்தம் சூடாகும், கேட்டு முடித்ததும் பசிக்கும்.

அப்போதுதான் பெரட்டு ஞாபகம் வந்தது. தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குச் சொல்கிறேன். விடியற்காலை ஆட்களெல்லாம் களத்தில் கூடுவார்கள். கணக்கெழுதும் கிராணியோ வேலையை மேய்க்கும் மண்டோரோ செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். இருக்கிறேன் என்று குரல் வரவேண்டும். வந்தால் அன்றைக்குப் பேர் விழும். அப்பாவுக்கு அந்த நேரத்தில் காட்டுக்குப் போக ஊக்கம் இருந்ததா? யாரும் கேட்டதில்லை, அவரும் கேட்டுக்கொண்டதில்லை. வெயில் ஏறினால் பால் இறங்காது, அதனால் இருட்டிலேயே போயாக வேண்டும். அதை நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. காய்ச்சலோடு அப்பா காட்டுக்குப் போன நாட்கள் எனக்குத் தெரியும், போகாவிட்டால் சம்பளம் இல்லை. அந்தக் கொடுமையெல்லாம் தோட்டத்தோடு போகட்டும். எனக்கு வேண்டியது அதில் ஒன்றே ஒன்றுதான்: காலையில் என் பெயரைக் கூப்பிட ஒரு குரல்.

எங்கள் லோரோங்கின் (சந்தின்) கோடியில் ஓர் அக்கா இருக்கிறார். தோட்டத்தில் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர், வயது 62, முழங்கால் வலி. எதிர்வீட்டில் பாலர் பள்ளி ஆசிரியை, தங்கச்சி மாதிரி. மூன்று பேரும் பேசி முடிவு செய்தோம். காலை ஐந்தே முக்காலுக்குத் திடல் ஓரத்து விளக்குக் கம்பத்தடியில் பெரட்டு. எனக்கு ஏழரைக்கு வேலை, தங்கச்சிக்கு ஏழே காலுக்குள் பள்ளி, வேறு நேரமும் இல்லை. குறைக்க வேண்டிய கிலோவும் ஐந்தே முக்கால், நேரமும் ஐந்தே முக்கால் என்று தங்கச்சிக்கு ஒரே சிரிப்பு.

அக்காதான் கிராணி. சீனன் கடையில் கடன் எழுதும் 555 புத்தகம் ஒன்று வாங்கி அதைச் செக்ரோல் ஆக்கினார். வந்து அரை மணி நடந்தால் ஒரு முழுக் கோடு. பத்து நிமிடத்தில் திரும்பினால் அரைக் கோடு. வராவிட்டால் முட்டை. மழையென்றால் பாலாய் ராயா என்ற பொது மண்டபத்தின் தாழ்வாரத்தில் முன்னும் பின்னும் நடப்பது, அதற்கும் முழுக் கோடு. நாய்களுக்காக ஒரு குச்சி, இருட்டுக்கு ஒரு டார்ச்.

இதில் அரைக் கோடுதான் உயிர். நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை ஒன்று உண்டென்றால் இதுதான். எனக்கு முன்பெல்லாம் ஒன்று முழுதாக, இல்லாவிட்டால் ஒன்றுமேயில்லை. ஒருநாள் தவறினால் அந்த வாரமே போச்சு என்று கையைக் கழுவிவிடுவேன். அரைக் கோடு வந்த பிறகு, தலைவலி என்றாலும் பத்து நிமிடம் போய்விட்டு வந்துவிடலாம் என்று தோன்றியது. போனபின் பாதி நாட்கள் முழுக் கோடாகவே முடிந்தன. வெளியே கால் வைப்பதுதான் கடினம். நடப்பது அப்படியொன்றும் கடினமில்லை.

முதல் மூன்று வாரம் நாங்கள் எடையே பார்க்கவில்லை. அக்காவின் உத்தரவு அது. "கோட்டை எண்ணு, கிலோவை அப்புறம் எண்ணலாம்" என்றார். கோடு என் கையில் இருக்கிறது, கிலோ என் கையில் இல்லை என்பது எனக்குப் புரியவே இரண்டு மாதம் ஆயிற்று.

எடையை எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் என் தொழில்தான் கற்றுக்கொடுத்தது. மழையில் நனைந்த குலை கூட நிற்கும். அதற்காகத் தோட்டத்தில் விளைச்சல் கூடிவிட்டது என்று யாரும் எழுதுவதில்லை. லோரி டயரில் ஒட்டிய சேறு, தொட்டியில் இருக்கும் டீசல், எல்லாமே எடையில் ஏறும். ஒரு சீட்டை வைத்து யாரும் தோட்டத்தை மதிப்பிடுவதில்லை, மாதக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். என் உடம்பை மட்டும் தினம் காலை ஒரு சீட்டு போட்டு மதிப்பிட்டுக்கொண்டிருந்தேன். முந்தின இரவு கருவாட்டுக் குழம்பு என்றால் காலையில் ஒரு கிலோ கூடத் தெரியும். உப்புக்குத் தண்ணீர் சேர்கிறது, அவ்வளவுதான். மாதவிலக்குக்கு முந்தைய வாரமும் அப்படியே. இப்போது ஞாயிறு காலை மட்டும், கழிவறை போய்விட்டு, வெறும் வயிற்றில், அதே நைட்டியோடு ஏறுவேன். அந்த எண்ணை எழுதிவிட்டு மறந்துவிடுவேன். நாலு ஞாயிறு சேர்ந்த பிறகுதான் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

லோரிக்காரர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. பழத்தோடு வரும்போது கெலிந்தானை, அதாவது லோரி உதவியாளனை, வண்டியில் உட்காரவைத்து நிறுப்பார்கள். காலி எடைக்கு வரும்போது அவனை வாசலிலேயே இறக்கிவிட்டு வருவார்கள். அவன் எடையும் பழக் கணக்கில் சேர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல பேர். அதே நான் வீட்டில் தராசைக் குளியலறைச் சரிவில் வைத்து, ஒரு காலை லேசாகத் தூக்கி நிறுத்துப் பார்த்திருக்கிறேன். நானூறு கிராம் குறைத்துக் காட்டியது. யாரை ஏமாற்ற என்று கேட்காதீர்கள்.

சாப்பாட்டுப் பக்கம் பெரிய மாற்றம் குடிக்கும் தேநீரில்தான் நடந்தது. காலை பசியாறும்போது ஒரு தே தாரிக், பத்து மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, வீட்டில் ஒன்று. அதில் ஊற்றும் கெட்டிப்பாலில் பாதிக்குக் கிட்டச் சர்க்கரைதான். அரசாங்கம் 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட ஆரம்பித்தது. அது போத்தலிலும் டின்னிலும் வருவதற்குத்தான், கடையில் ஆற்றிக் கொடுக்கும் கோப்பைக்கு இல்லை. சரி, அந்த வரியை நானே போட்டுக்கொண்டேன். இனிப்பாக ஒரு கோப்பை குடித்தால் வீட்டு மைலோ டின்னில் ஒரு வெள்ளி. இனிப்பே போடாத கொசோங்குக்கு வரி இல்லை. ஆனால் ஒரேயடியாக நிறுத்தவில்லை. மூன்று வாரம் 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவு), மூன்று வாரம் தே சி கொசோங் (இனிப்பில்லாத பால் தேநீர்), அப்புறம்தான் தே ஓ கொசோங் (பாலும் இல்லாதது). நாக்குக்கு அவகாசம் கொடுத்தால் அது மாறிவிடுகிறது. இப்போது பழைய தே தாரிக்கைக் குடித்தால் பாயசம் மாதிரி இருக்கிறது. காலி லோரியையும் எங்கள் ஆலையில் கொசோங் என்றுதான் சொல்வோம். தேநீர்க் கடைக்காரர் "கொசோங் சத்து" (கொசோங் ஒன்று) என்று உள்ளே குரல் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு வேலை ஞாபகம் வரும். மைலோ டின்னில் சேர்ந்த வெள்ளியில்தான் நடக்கும் காலணி வாங்கினேன். நான் எவ்வளவு குடித்திருப்பேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சோற்றை விடவில்லை. விட்டால் நான் நாலாம் நாள் பானையையே சாப்பிடுவேன் என்று எனக்குத் தெரியும். கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (கால், கால், பாதி) தட்டைத்தான் பின்பற்றுகிறேன்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, மீதிப் பாதி காயும் பழமும். நான் அதில் செய்த ஒரே மாற்றம், காயை முதலில் போட்டுக்கொள்வது. சோற்றை முதலில் போட்டால் காய்க்கு ஓரத்தில்தான் இடம் கிடைக்கும். கங்கோங், முருங்கைக்கீரை, பயத்தங்காய், எல்லாம் வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதுதான். எனக்கென்று தனிச் சட்டியில் டயட் சமைத்த காலமெல்லாம் பத்து நாளைத் தாண்டியதில்லை. சமைக்கிறவளும் நான்தானே, களைத்துப் போகிறேன்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு வேறு பிரச்சினை. வேண்டாம் என்றால் வீட்டுக்கார அம்மாவுக்கு மனத்தாங்கல். "ஏன், என் கை பிடிக்கலையா?" என்பார்கள். ஒன்றைக் கவனித்தேன். அவர்கள் பார்ப்பது காலித் தட்டைத்தான். தட்டில் ஏதாவது இருந்தால் விட்டுவிடுவார்கள். அதனால் இரண்டு முறுக்கும் கொஞ்சம் கோழிக்கறியும் போட்டுக்கொண்டு தட்டைக் கடைசிவரை கையிலேயே வைத்திருப்பேன். ஒரே நாளில் ஐந்து வீடு போய் வந்திருக்கிறேன், யாருக்கும் வருத்தமில்லை. முதல் மாதங்களில் என் வீட்டுக்காரர்தான் கேலி செய்தார், "பெரட்டுக்கு நேரமாச்சு, கங்காணி வந்துடப் போறாரு" என்று. இப்போது அலாரம் வைப்பவர் அவர். கூட நடக்க மட்டும் வரமாட்டார்.

ஐந்தாம் மாதம் 77இல் நின்றது. ஏழு வாரம், அசையவே இல்லை. உடம்பு இளைக்க இளைக்க அதற்குத் தேவையான சாப்பாடும் குறைந்துவிடுகிறது, முதலில் போதுமானதாக இருந்த குறைப்பு பிறகு போதாது. காரணம் தெரிந்தாலும் மனசு கேட்கவில்லை. அந்த நேரத்தில் இரண்டு விஷயங்கள் என்னைப் பிடித்து நிறுத்தின. ஒன்று தையல் டேப். எடை நின்ற அதே ஏழு வாரத்தில் இடுப்பு 94 சென்டிமீட்டரிலிருந்து 92 ஆனது. பெண்களுக்கு 80க்கு மேல் ஆபத்து என்பார்கள், நான் தொடங்கியது 98இல். இன்னொன்று, தாதி சொன்ன இன்னோர் ஆய்வு, 2006இல் சென்னையில் நம்மவர்களை வைத்தே செய்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் இனிப்புநீர் வருவதை 28.5 விழுக்காடு குறைத்தன, அவர்கள் எடை பெரிதாகக் குறையாமலேயே. தராசு சும்மா இருக்கும்போதும் உள்ளே வேலை நடக்கிறது என்று அவர் சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தத் தேக்கத்தை உடைக்க நான் செய்தது சின்னது: இரவுச் சோற்றில் இன்னொரு கைப்பிடி குறைத்தேன், திடலில் ஒரு சுற்று கூட்டினேன்.

அப்புறம் விழுந்தேன். பத்தாம் மாதம், 76.2இல் இருந்தபோது, அம்மாவை ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வேலை முடிந்து நேராக ஈப்போ, இரவு வீடு, வழியில் கிடைத்ததைச் சாப்பிடுவது. நாசி லெமாக் பொட்டலம், ரொட்டி சானாய், வார்டுக்கு வெளியே இயந்திரத்தில் இனிப்புக் காப்பி. அம்மா நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் நான் திடலுக்குப் போகவில்லை. முதலில் நேரமில்லை, பிறகு வெட்கம். தராசில் ஏறினேன், 78.5. காலை ஐந்தே முக்காலுக்கு விழிப்பு வரும், ஜன்னல் திரையை விலக்காமல் படுத்திருப்பேன். விளக்குக் கம்பத்தடியில் இரண்டு பேர் நிற்பது தெரியும் என்பதால்தான்.

ஒரு வியாழக்கிழமை கேட்டுக்கு வெளியே குரல் கேட்டது. என் பெயர். இரண்டாம் முறையும் என் பெயர், அப்பா பெயரையும் சேர்த்து, அசல் செக்ரோலில் கூப்பிடுகிற மாதிரி. கதவைத் திறந்தேன். முழங்கால் வலியோடு அக்கா நிற்கிறார், கையில் 555 புத்தகம், டார்ச் வெளிச்சத்தில் என் பக்கத்தை விரித்துக் காட்டினார்.

"பத்தொன்பது முட்டை. அம்மாவைப் பார்த்த நாளுக்கு நான் கேக்கல. இன்னிக்கும் முட்டை போடவா?"

நைட்டிக்கு மேல் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். ஒரு சுற்றுதான் நடந்தேன். யாரும் எடையைப் பற்றிக் கேட்கவில்லை. தங்கச்சி பள்ளியில் ஒரு பையன் பென்சிலை மூக்கில் விட்ட கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அக்கா அரைக் கோடு போட்டார். அந்த அரைக் கோட்டை நான் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

திரும்பி வருவது எப்படி என்று யாராவது கேட்டால், நான் பிடித்த வழி இதுதான்: விட்டதை ஈடுகட்ட முயலவில்லை. பட்டினி கிடக்கவில்லை, ஒரு மணி நேரம் நடக்கவில்லை. முதல் வாரம் முழுக்க அரைக் கோடுகள்தான். தராசுப் பக்கம் இரண்டு வாரம் போகவே இல்லை. கூடியிருந்ததில் பாதி தானாகவே இறங்கியிருந்தது, அதுவும் தண்ணீர்தான் போலும்.

இடையில் ஒரு ஞாயிறு குடும்பத்தோடு பத்துமலை போனோம். 272 படி. முந்தைய முறை ஐந்து இடத்தில் நின்று, குரங்கைப் பார்ப்பது போல் பாவனை செய்தேன். இந்த முறை இரண்டு இடம், அதில் ஒன்று நிஜமாகவே குரங்குக்காக.

பதினான்கு மாதம் கழித்து வீட்டுத் தராசில் 74.3. இடுப்பு 90. மூன்று மாதச் சர்க்கரை 5.8, இன்னும் எல்லைக்கோட்டுக்குள்தான். கிளினிக்கில் பாராட்டினார்கள், அடுத்த தேதியும் எழுதிக் கொடுத்தார்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்று வந்தது. இத்தனைக்குப் பிறகும் அந்தக் கணக்கில் நானும் இருக்கிறேன். அக்காவின் 555 புத்தகம் மூன்றாவது ஓடுகிறது.

போன மாதம் மறுபடி ஒரு மதிய மழை. பாலம் காலி. தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். குடையை மடக்கி வைத்துவிட்டு ஏறினேன். உள்ளிருந்து அவன் கத்தினான்: "அக்கா, எழுபது! பத்துக் கிலோ கொறைஞ்சிடுச்சு!"

வீட்டுத் தராசுப்படி ஏழு கிலோதான். பாலம் பத்துப் பத்தாகத்தானே காட்டும். திருத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் வாசலில் ஒரு லோரி ஹாரன் அடித்தது. இறங்கிவிட்டேன்.